மருதையின் அடையாள அட்டை

உதைபந்தாட்ட நடுவர்கள் சங்கத்தின் இப்போதைய செயலாளர் மூன்று மாதங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்தார். யுத்தம் முடிந்துவிட்டது, நின்றுபோன மாகாண சாம்பியன்ஷிப்பை மறுபடி நடத்தப் போகிறோம், அதற்கு ஒரு மலர் வெளியிடுகிறோம், உங்களால் மறக்க முடியாத ஆட்டத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார். மலரில் தமிழ்க் கட்டுரையும் வர வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டு வாங்கியவர் அவர். மறுக்க மனம் வரவில்லை. மறக்க முடியாத ஆட்டம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவர் எதிர்பார்க்கும் கட்டுரை இதுவல்ல என்பதும் தெரியும். போடுவதும் விடுவதும் அவர் விருப்பம்.

நான் ருவன்வெல்லைப் பக்கத்து றப்பர்த் தோட்டம் ஒன்றில் கிளாக்கராகச் சேர்ந்து பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன். வார நாட்களில் செக்ரோல் என்ற தொழிலாளர் வருகைப் பதிவேடு எழுதினேன். சனி, ஞாயிறில் விசில் ஊதினேன். சம்பளம் தந்தது முதல் வேலை. ஆனால் யாராவது என்ன உத்தியோகம் என்று கேட்டால் ரெப்ரி என்றுதான் வாயில் முதலில் வரும். கேகாலையில் ஒரு பாடசாலையில் நடந்த வார இறுதி வகுப்பில் படித்து, தொண்ணூற்றிரண்டில் கோட்டோரம் கொடியோடு ஓட ஆரம்பித்தேன். அடுத்த வருடம் விசில் கைக்கு வந்தது. பயிற்சியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் தேய ஓடினோம், சட்டங்களை மனப்பாடம் செய்தோம்.

சொல்ல வேண்டியது ரணவீர சேரைப் பற்றி. அப்போது அவர்தான் நடுவர் குழுவின் செயலாளர். பாடசாலை ஒன்றில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நீங்கள் மைதானத்தில் ஒரு பிழை விட்டிருந்தால் முதலில் உங்கள் அம்மாவின் சுகத்தை விசாரிப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைப்பார். துடைத்து முடியும் வரை பேச மாட்டார். மறுபடி மாட்டிக்கொண்டு, "நீ என்ன பார்த்தாய்?" என்று கேட்பார். அந்தக் கைக்குட்டை வெளியே வந்தாலே பிழை பிடிபட்டுவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

ஆட்ட அறிக்கை எழுத எனக்குக் கற்றுத் தந்தவரும் அவர்தான். சிங்களம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச வரும். எங்கள் பக்கத்தில் யாருக்கு வராது? ஆனால் எழுத்துச் சிங்களம் வேறு. ஒவ்வொரு அறிக்கையையும் பச்சை மையால் திருத்தி, பக்கத்தில் உட்கார வைத்துக் காரணம் சொல்லுவார். "கண்ணில் பட்டதை மட்டும் எழுது. உனக்குத் தோன்றியதை எழுதாதே. தோன்றுவதற்கு ஒரு குழு இருக்கிறது." இரண்டு வருடத்தில் என் அறிக்கையில் பச்சை மை குறைந்து, பிறகு இல்லாமலே போனது. கேகாலைக் கூட்டங்களில் என் அறிக்கையை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவார். ஒரு தோட்டத்துத் தமிழன் இப்படிச் சிங்களம் எழுதுகிறான் என்று அதில் அவருக்கு ஒரு பெருமை. எனக்கு அதைவிடப் பெருமை.

அந்தச் சாம்பியன்ஷிப்பை அவர் எப்படி அமைத்தார் என்பதற்கும் ஒரு கதை உண்டு. றப்பர்க் கையுறை ஆலை ஒன்றுக்கு இயந்திரம் பூட்ட வந்திருந்த ஒரு ஜெர்மன்காரர் ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வந்தார். அவருடைய அப்பா அந்த நாட்டில் நடுவராக இருந்தவராம். உலக யுத்தம் முடிந்து மூன்று வருடத்தில் தங்கள் நாட்டில் மறுபடி தேசிய சாம்பியன்ஷிப் நடந்த கதையைச் சொன்னார். ரணவீர சேர் மொழிபெயர்த்தார். நாடு துண்டு துண்டாக வேறு வேறு படைகளின் கையில் இருந்ததாம். எல்லா ஊர் அணிகளும் ஒன்றோடொன்று ஆட வழியில்லை. ஆகவே ஒவ்வொரு வலயத்திலும் தனித் தனியாக ஆடி, அங்கே வென்ற அணிகள் மட்டும் கடைசியில் மோதின. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆட்டக்காரர்கள் உருளைக்கிழங்குக்காகக் கூட ஆடினார்களாம். கிழக்கு வலயத்திலிருந்து ஒரு அணி வர வேண்டியிருந்தது. அவர்களுக்கு எல்லை தாண்ட அனுமதி கிடைக்கவில்லை. எதிரணி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய், கடைசியில் கோப்பையையும் வென்றது.

"அந்த அணி என்ன ஆனது?" என்று நான் கேட்டேன்.

"வீட்டிலேயே இருந்தார்கள்," என்றார் ஜெர்மன்காரர்.

ரணவீர சேருக்கு அந்த முறை பிடித்துவிட்டது. எங்களுக்கும் தூரப் பயணம் கஷ்டமான காலம் அது. ஒவ்வொரு சந்தியிலும் சோதனைச் சாவடி. நாடு கிரிக்கெட்டில் உலகக் கோப்பை வென்ற வருடம், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களை நாலு வலயமாகப் பிரித்து, ஒவ்வொரு வலயத்திலும் முதல் இரண்டு இடத்துக்கு வந்த எட்டு அணிகளைக் காலிறுதியில் மோத விட்டார். தோட்ட அணிகளையும் டவுன் அணிகளையும் ஒரே போட்டியில் சேர்த்தது அதுதான் முதல் தடவை. அதற்காக நான் அவரைக் கும்பிட்டேன்.

கூடவே ஒரு விதியும் வந்தது. பாதுகாப்பு நிலைமை காரணமாக, ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தேசிய அடையாள அட்டை காட்ட வேண்டும். நடுவர் அதைப் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

இந்தப் பரிசோதனையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் அணியை வரிசையாக நிறுத்துவோம். முதலில் பூட்ஸின் அடி. ஆணி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்போம். பிறகு கை. மோதிரம் இருந்தால் கழற்ற வேண்டும். தாயத்தும் கறுப்புக் கயிறும் கழற்ற மாட்டேன் என்பவர்களுக்கு மேலே பிளாஸ்டர் ஒட்டுவோம். கடைசியில் அட்டை. பெயரைப் பட்டியலோடு பார்க்க வேண்டும். இலக்கத்தைப் பட்டியலோடு பார்க்க வேண்டும். படத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தபின் பட்டியலில் ஒரு சரி. பதினைந்து பேருக்குப் பதினைந்து சரி. கீழே நடுவரின் கையெழுத்து. இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

எஹலியகொட மைதானத்தில் வலயத்தின் முதல் ஆட்டம். மேமலை அணி வரிசையில் நின்றது. மேமலை என்பது எஹலியகொடைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தின் பிரிவு. எல்லோரும் றப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்கள். டவுனில் துணிக்கடை வைத்திருந்த நசார் நானாதான் அவர்களுக்கு ஜேர்சி எடுத்துக் கொடுத்து, லொறி பிடித்துக் கூட்டி வருபவர். விடியற்காலையில் மரம் வெட்டி, பதினொரு மணிக்குப் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு மணிக்கு மைதானத்தில் நிற்பார்கள். கையில் றப்பர்ப் பால் காய்ந்து கறுத்திருக்கும்.

ஏழாவதாக நின்றவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். ஒல்லி. கால்கள் மட்டும் உருண்டு திரண்டிருந்தன.

"பேரு?"

"மருதைங்க."

அட்டையில் இருந்த முகத்தில் இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. பழைய வெட்டுக் காயம். முன்னால் நின்றவருக்கு இரண்டு புருவமும் முழுதாக இருந்தன.

"இது நீயாப்பா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணன்ங்க," என்றார். பொய் சொல்லக்கூட முயற்சி செய்யவில்லை. "எனக்கு இன்னும் கார்டு வரலைங்க. அப்பாவோட பிரஜாவுரிமைப் பத்திரம் எம்பத்து மூணு கலவரத்துல லயத்து வீட்டோட எரிஞ்சு போச்சு. அண்ணன் அதுக்கு முன்னாடியே எடுத்துட்டாரு. கிராம சேவகரு பத்திரத்தக் கொண்டாங்கிறாரு. மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சுங்க."

"ஒன் பேரு என்னா?"

"சந்தனம்."

அந்த வீட்டில் இரண்டு ஆண்களுக்கு ஒரே அட்டை. ஒருவர் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனால் மற்றவர் தோட்டத்தைத் தாண்ட மாட்டார். நான் எழுதிய செக்ரோலில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். என் சொந்தச் சித்தப்பா அட்டை இல்லாமலே செத்துப்போனவர்.

"சரி, போய் வெளையாடு," என்றேன். "யாராச்சும் கேட்டா இது ஒன் படந்தான்னு சொல்லு. புருவத்துல அடிபட்டது ஆறிப்போச்சுன்னு சொல்லு."

"சரிங்கய்யா," என்று சிரித்தார்.

பட்டியலில் மருதை என்ற பெயருக்கு எதிரே சரி போட்டேன். அந்த நிமிடம் நான் செய்தது தப்பு என்று இன்றும் நினைக்கவில்லை. விதிக்கு அது தப்பு. மற்றபடி என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. அதைச் செய்தேன் என்று பிறகு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. வெட்கம் அதைப் பற்றித்தான்.

சந்தனத்தின் ஆட்டத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. நடுவருக்கு அந்த உரிமை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பந்து காலில் இருக்கும்போது அவர் பந்தைப் பார்க்க மாட்டார். எதிரே நிற்பவரின் இடுப்பைப் பார்ப்பார். இடுப்பு எந்தப் பக்கம் அசைகிறதோ அதற்கு மறு பக்கம் போய்விடுவார். மேமலை வலயத்தில் முதலாவதாக வந்தது. காலிறுதியில் இரத்தினபுரி அணி ஒன்றை வென்றது. அரையிறுதியை மழையில் சேற்றில் ஆடி வென்றது. அந்த ஆட்டங்களுக்கு வேறு நடுவர்கள். ஏற்கனவே நான் சரி போட்டுக் கையெழுத்திட்ட பட்டியல் என்பதால் அவர்கள் படத்தை உற்றுப் பார்க்கவில்லை. நான் பார்த்தால் போதும் என்று நினைத்தார்கள்.

இறுதி ஆட்டம் கேகாலையில். எதிரணி ஒரு டவுன் அணி. பிரதான நடுவர் நான். அந்த ஆட்டத்துக்குப் பிறகு ரணவீர சேர் என்னைத் தேசியத் தரத்துக்குச் சிபாரிசு செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். மார்பில் தைக்கிற அந்தத் தரத்தின் பட்டியை எங்கள் பக்கத்துத் தமிழர் யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. காலையில் என் மனைவி சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள்.

பரிசோதனையின்போது சந்தனம் அட்டையை உள்ளங்கையில் விரித்து வைத்து நீட்டினார். படம் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி என்பதால் லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். சரி போட்டேன்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்தான் அந்த ஒரே கோலை அடித்தார். மேமலையிலிருந்து இரண்டு லொறியில் வந்திருந்த சனம் வேலியை அமுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வந்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே பெயர். சந்தனம், சந்தனம், சந்தனம். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அத்தனை மாதம் யாரும் வாய் தவறவில்லை. அன்றைக்குச் சந்தோஷத்தில் எல்லோரும் ஒன்றாகத் தவறிவிட்டார்கள்.

டவுன் அணியின் பயிற்சியாளர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். விரலால் மேலிருந்து கீழே ஓட்டினார். பிறகு ரணவீர சேரிடம் போய், "சேர், இதில் சந்தனம் என்று யாரும் இல்லையே," என்றார்.

கோப்பை கொடுக்கப்படவில்லை. வாயிலில் நின்ற பொலிஸார் சந்தனத்தைத் தோளிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள். அடுத்தவர் அட்டையோடு ஒரு தமிழ் இளைஞர் டவுனில் நிற்பது அந்த வருடத்தில் எப்படிப் பார்க்கப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை. அதே வருடம்தான் கொழும்பில் பெரிய குண்டு வெடித்திருந்தது.

விசாரணை மூன்றாம் நாள், பாடசாலை வகுப்பறை ஒன்றில். ரணவீர சேர், குழுவில் இன்னும் இருவர், பொலிஸ் அதிகாரி ஒருவர். எனக்கு முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தது. ரணவீர சேர் வராந்தாவில் தேநீர் வரவழைத்தார்.

"அம்மாவுக்கு இப்போது எப்படி, சிவா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பரவாயில்லை, சேர்."

கைக்குட்டை வெளியே வந்தது. ஒரு கண்ணாடி, பிறகு மற்றக் கண்ணாடி.

"ஒரு நடுவர் ஏமாறலாம். அதற்கு விதியில் தண்டனை இல்லை," என்றார். "ஒரு நடுவர் தெரிந்தே விடலாம். அவர் விசிலைத் திருப்பித் தர வேண்டும். இந்தக் காலத்தில் பொலிஸாரும் அவரிடம் கேள்வி கேட்பார்கள். நீ இதில் எந்த நடுவர் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். எழுதித் தா."

நீ என்ன பார்த்தாய் என்று அன்றைக்கு மட்டும் அவர் கேட்கவில்லை.

தாளையும் பேனாவையும் மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் எழுதினேன். நாலே வரி. பிழையில்லாத சிங்களம். "மேற்படி நபர் அட்டையைக் காட்டும்போது தன் கட்டை விரலால் படத்தின் மேல்பகுதியை மறைத்துக் காட்டினார். ஆகையால் நான் ஏமாற்றப்பட்டேன். இரண்டு தடவையும் இவ்வாறே நடந்தது. எனக்கு அவரை முன்பின் தெரியாது."

பேனா எங்கும் தடுமாறவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. கட்டை விரலை எங்கிருந்து கண்டுபிடித்தேன் என்றே தெரியவில்லை. அது தானாக வந்தது.

சந்தனத்தைக் கூட்டி வந்தார்கள். ஜேர்சியோடுதான் இருந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. தெரிந்த மனிதர் வந்துவிட்டார் என்கிற தெளிவு. பொலிஸ் அதிகாரி என் நாலு வரியை வாசித்துவிட்டு, "இது உண்மையா? விரலால் மறைத்தாயா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

சந்தனத்துக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். யாரோ பிள்ளைகள் மேசையில் பெயர்களைக் கீறியிருந்தார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்தேன்.

"ஒவ் மாத்தயா," என்றார் சந்தனம். ஆமாம் ஐயா என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மேமலையை நீக்கி, கோப்பையை டவுன் அணிக்குக் கொடுத்தார்கள். சந்தனத்தை வழக்கு எதுவும் போடாமலே ஏழு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அண்ணன் மருதையை இரண்டு நாள் விசாரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் அட்டை திரும்பி வரவில்லை. ஒரு அட்டை இருந்த வீட்டில் அதுவும் இல்லாமல் போனது.

மூன்று வாரம் கழித்து நசார் நானா என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். எஹலியகொடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"கிளாக்கர், நான் லோயரப் பாத்துட்டுத்தான் வாரன். நீங்க ஒரு கடுதாசி தந்தாப் போதுமாம். அவன் படத்த மறைக்கல்ல, கார்ட நேராத்தான் காட்டினான் எண்டு எழுதினாக் காணும். பொய்யொண்டும் எழுதத் தேவல்ல."

"அத எழுதுனா நான் தெரிஞ்சே விட்டேன்னு ஆகும், நானா."

"தெரியும். அதுக்குத்தான் ஒங்ககிட்ட வந்தீக்கிறன்." பக்கத்தில் வைத்திருந்த குடையைக் கையில் எடுத்துக்கொண்டார். "அவன்ட பொஞ்சாதி மாசமா ஈக்கிறா. அத மட்டும் யோசிங்க."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு என்ன வழி என்றுதான் யோசித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி வருவதை ஜன்னலால் கண்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவியை அனுப்பி, கேகாலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். அவர் வாசற்படியைப் பார்த்தாராம். என் செருப்பு அங்கேதான் கிடந்தது.

"செருப்ப விட்டுட்டா போனார்?" என்று மட்டும் கேட்டாராம். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர் மறுபடி வரவில்லை. என் மனைவி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள், ஆனால் இதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வருடக் கடைசியில் தேசியத் தரப் பட்டி தபாலில் வந்தது. அதை நான் தைத்துக்கொண்டேன். இதையும் எழுத வேண்டும். திருப்பி அனுப்பவில்லை, பெட்டிக்குள் போடவில்லை. சட்டையில் தைத்துக்கொண்டு பதினொரு வருடம் ஓடினேன். கொழும்பில், கண்டியில் பெரிய மைதானங்களில் ஊதினேன். பத்திரிகையில் இரண்டு தடவை படம் வந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கூப்பிட்டுக் கை கொடுத்தார். அட்டைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்பவர்களின் முகத்தைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். படத்தைப் பார்ப்பேன், பெயரைப் பார்ப்பேன், சரி போடுவேன். முகத்தைப் பார்த்தால் அவர்களும் என்னைப் பார்ப்பார்கள்.

ரணவீர சேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்மீது பழியைப் போட்டு எழுதுவது சுலபம். நானும் பல வருடம் மனதுக்குள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் பொய் எழுதச் சொல்லவில்லை. ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். அதில் உண்மையை எழுதவும் இடம் இருந்தது.

செயலாளர் வந்து கட்டுரை கேட்டுப் போன அடுத்த வாரம் நான் எஹலியகொடைக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து திரீவீலரில் மேமலை. பால் நிறுக்கும் இடத்தில் ஆட்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். சந்தனத்தை நான் அடையாளம் காணவில்லை. அவர்தான் என்னைக் கண்டார். தலைமயிர் பாதி நரைத்திருந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார்.

"ரெப்ரி ஐயாங்களா?"

"ஆமா," என்றேன். "ஒங்களத்தான் பாக்க வந்தேன்." அவரை 'நீங்க' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பால் நிறுத்து முடியும் வரை நிற்கச் சொன்னார். நின்றேன். பிறகு லயத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். மனைவி இன்னும் மலையில் வேலை முடிந்து வரவில்லை. பதின்மூன்று வயது மகள் தேநீர் ஊற்றித் தந்தாள்.

"நான் உள்ள இருக்கிறப்ப பொறந்தவங்க இவ," என்றார். "சிங்கள ஸ்கூல்லதான் படிக்கிறா. தமிழ் ஸ்கூல் தூரம்."

மன்னிப்புக் கேட்க வார்த்தைகள் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவற்றை விட்டுவிட்டு, "அன்னைக்கு ஏன் ஆமான்னு சொன்னீங்க? மறைக்கலன்னு சொல்லியிருக்கலாமே," என்று கேட்டேன். கேட்டபின்தான் அது மன்னிப்பே அல்ல, இன்னொரு தடவை அவர்மேல் பாரத்தைத் தூக்கி வைப்பது என்று புரிந்தது.

அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்.

"நீங்க ஏதோ யோசிச்சுத்தான் அப்படி எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேங்க. படிச்சவரு, சட்டம் தெரிஞ்சவரு. மொதல்ல நான் ஆமான்னு சொல்லிட்டா, பின்னாடி நீங்க எப்படியாச்சும் வெளிய எடுத்துருவீங்க, அதுக்குத்தான் இப்படி ஏதோ வழி வச்சிருக்கீங்கன்னு. மாத்திச் சொல்லி ஒங்க ஏற்பாட்டக் கெடுத்துறக் கூடாதுல்ல."

"எவ்வளவு நாள் அப்படி நெனச்சீங்க?"

"ஒரு மூணு மாசம் இருக்கும். அதுக்கப்புறம் நெனைக்கல."

தேநீரைக் கீழே வைத்தேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்கு அவர் வேறு ஒன்று சொன்னார்.

"கப்பெல்லாம் வேணாங்க. அந்தப் பசங்க பாதிப் பேரு இப்ப கொழும்புக் கடைகள்ல நிக்கிறானுங்க. நான் ஏமாத்துனேன்னு ஒரு தாள் எங்கயோ இருக்கில்ல, அது மட்டும் மாறணும். அன்னைக்குச் சிங்களத்துலதானே எழுதுனீங்க? இதையும் அதுலயே எழுதுங்க. யாருக்கு எழுதுனீங்களோ அவங்களுக்கே குடுங்க."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குப் பத்து நிமிடத்தில் எழுதிய கைக்கு இப்போது ஏழு நாள் ஆனது. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் எங்கேயோ ஒரு சாக்கு நுழைந்துவிடும். நாட்டின் நிலைமை, அம்மாவின் சுகவீனம், சேரின் பேச்சு. மறுநாள் வாசித்து அந்த வரியை வெட்டுவேன். வெட்ட வெட்டக் கடிதம் சிறுத்து ஒரு பக்கத்துக்குள் வந்தது. கேகாலைக்குக் கொண்டுபோய்ச் சங்கக் காரியாலயத்தில் கொடுத்தேன். அங்கே இருந்த பெண் பிள்ளை பழைய கோப்பைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, கடிதத்தை உள்ளே வைத்து, என் பிரதியில் முத்திரை குத்தித் தந்தாள்.

அந்தப் பிரதியைப் போன சனிக்கிழமை மேமலைக்குக் கொண்டு போனேன். சந்தனத்துக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. மகளிடம் நீட்டினார். அவள் வாசலில் நின்றபடி சிங்களத்தில் ஒரு வரி வாசித்து, அதையே தமிழில் சொன்னாள். பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே சீராக வாசித்துக்கொண்டு வந்தாள்.

"அவர் அட்டையை உள்ளங்கையில் வைத்து முழுதாகக் காட்டினார். படம் அவருடையதல்ல என்று எனக்குத் தெரியும். அவரே என்னிடம் உண்மையைச் சொன்னார். விளையாடப் போகச் சொன்னவன் நான். விரலால் மறைத்தார் என்று நான் எழுதியது..."

அங்கே நின்றுவிட்டாள். அடுத்த சொல் அவளுக்குத் தெரியாத சொல்லல்ல. தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் தலையைக் குனியவில்லை. குனியக் கூடாது என்று என்னைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்தாத பாப்பா, வாசி," என்றார் சந்தனம்.

"பொய்," என்று வாசித்தாள். பிறகு மிச்சத்தையும் வாசித்தாள். என் முழுப் பெயர், பதவி, ஊர், திகதி எல்லாவற்றையும்.

சந்தனம் தாளை வாங்கி, மடிக்காமல், மேசையில் தட்டையாக வைத்தார். அதன்மேல் ஒரு தம்ளரை வைத்தார்.

"அம்மா இப்ப வந்துரும்," என்றார் மகளிடம். "அம்மாவுக்கு இன்னொரு தடவ வாசிக்கணும்."

என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. நான் உட்கார்ந்திருந்தேன்.